பார்த்துவிட்டு வந்து பேசியவர்கள்: அமெரிக்க யூதப் பெண்கள் கவுன்சிலும் சட்டமியற்றுவோரும்

1971 டிசம்பர் 9 அன்று அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சன் ஒரு மசோதாவில் கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பினார். வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளுக்காக அரசு உதவியோடு நாடெங்கும் காப்பகங்கள் அமைக்க வழிசெய்யும் மசோதா அது. செனட்டும் பிரதிநிதிகள் சபையும் நிறைவேற்றி அனுப்பியிருந்தன. குழந்தை வளர்ப்பைக் குடும்பத்திடமிருந்து எடுத்துப் பொதுக்காரியமாக்கும் போக்குக்கு அரசு தன் தார்மிக பலத்தைத் தரக்கூடாது என்பது அதிபர் சொன்ன காரணம். பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலம். கூட்டு வளர்ப்பு என்றாலே சோவியத் நாடு ஞாபகத்துக்கு வரும். மசோதாவை முடித்துக்கட்ட அது போதுமானதாக இருந்தது.

தாய் வேலைக்குப் போன பிறகு குழந்தை உண்மையில் எங்கே, யார் பொறுப்பில் இருக்கிறது என்பதைப் பற்றி வாஷிங்டனில் நேரடித் தகவல் குறைவாகவே இருந்தது. அதே காலத்தில் யூதப் பெண்கள் தேசிய கவுன்சில் என்ற அமைப்பின் எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகளைச் சேர்ந்த பெண்கள் கையில் கேள்விப் படிவத்துடன் தத்தம் ஊர்களில் காப்பகம் காப்பகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். சம்பளம் கிடையாது. பெரும்பாலானவர்கள் நடுத்தர, மேல்நடுத்தரக் குடும்பத்து இல்லத்தரசிகள். அவர்கள் நிரப்பிய படிவங்களைத் தொகுத்து எழுதியவர் மேரி டப்ளின் கைசர்லிங். லிண்டன் ஜான்சன் ஆட்சியில் தொழிலாளர் துறையின் மகளிர் பிரிவுக்குத் தலைமை வகித்த பொருளாதார அறிஞர் அவர். ‘விண்டோஸ் ஆன் டே கேர்’ என்ற அந்த அறிக்கை 1972இல் வெளிவந்தது.

அதில் வரும் ஒரு வீட்டைப் பார்ப்போம். கதவு திறந்ததும் உள்ளே ஒரே அமைதி. அதிகம் குழந்தைகள் இருக்காது என்று வந்த பெண்கள் நினைத்துக்கொண்டார்கள். சமையலறைக்குள் போனால் ஒரு வயதும் அதற்குக் கீழுமான ஏழெட்டுக் குழந்தைகள். பெரும்பாலானவற்றைச் சாதாரண சமையலறை நாற்காலிகளில் வாரால் கட்டிவைத்திருக்கிறார்கள். எல்லாம் மயக்கத்தில் இருப்பவை போல அசையாமல் இருக்கின்றன. அப்போதுதான் நிலவறையிலிருந்து சத்தம் கேட்கிறது. கீழே சிமெண்டுத் தரையில், காற்றோட்டமில்லாத சிறு இடத்தில், இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கிறார்கள். படம் சரியாகத் தெரியாத ஒரு தொலைக்காட்சிப் பெட்டிதான் அவர்களுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு. லாப நோக்கில் நடந்த காப்பகங்களில் ஏறத்தாழப் பாதியை மோசம் என்றே இந்தப் பெண்கள் மதிப்பிட்டார்கள்.

நிக்சனின் முடிவை இந்த அறிக்கை மாற்றவில்லை. அமெரிக்காவில் இன்றும் அப்படியொரு தேசியக் காப்பகத் திட்டம் கிடையாது. ஆனால் அதற்குப் பிறகு நடந்த விவாதங்களில் அந்த அறிக்கை திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டப்பட்டது. சட்டமியற்றுபவரிடம் தினமும் மனுக்கள் வந்து குவிகின்றன. கையெழுத்து இயக்கங்களும் வருகின்றன. அவற்றை உதவியாளரிடம் தள்ளிவிடலாம். தன் தொகுதியிலேயே குடியிருக்கும் ஒரு பெண் இன்ன தெருவில் இன்ன வீட்டுக்குள் நுழைந்து எண்ணிப் பார்த்துவிட்டு எதிரே வந்து உட்காரும்போது அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. ஏறத்தாழ 130 ஆண்டுகளாக இந்த அமைப்பின் பலம் இதில்தான் இருந்துவந்திருக்கிறது. அதன் வரம்புகளும் அங்கிருந்துதான் வந்தன, ஏனென்றால் வேலைநாளில் வீடுவீடாகப் போய்ப் பார்த்துவர எல்லாப் பெண்களுக்கும் நேரம் வாய்ப்பதில்லை.

இந்த அமைப்பின் தொடக்கம் 1893இல். அந்த ஆண்டு சிகாகோவில் நடந்த உலக சமயங்களின் பேரவையை விவேகானந்தரை வைத்தே நாம் அறிந்திருக்கிறோம். சென்னை அன்பர்கள் திரட்டிய பணமும் ராமநாதபுரம் சேதுபதியின் ஆதரவும் பெற்றுப் போனவர் அங்கே செப்டம்பர் 11 அன்று பேசினார். அதற்கு முந்தைய வாரம், அதே பேரவையின் ஓர் அங்கமாக, நான்கு நாள் யூதப் பெண்கள் மாநாடு நடந்து முடிந்திருந்தது. அதைக் கூட்டியவர் ஹன்னா கிரீன்பாம் சாலமன், சிகாகோ வணிகக் குடும்பத்துப் பெண். முதலில் யூத ஆண்களின் மாநாட்டோடு சேர்ந்து நடத்தத்தான் அவர் முயன்றார். பேச்சாளர் பட்டியலில் பெண்களுக்கு இடமில்லை, வருகிறவர்களை உபசரிக்கும் வேலையை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. சாலமன் விலகிக்கொண்டு தனியாகவே மாநாடு நடத்தினார். பேசக்கூடிய பெண்கள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள் என்று தெரியாததால் நகரம் நகரமாகக் கடிதம் எழுதி யூத மதகுருக்களான ரபிகளிடம் பெயர் கேட்டு வாங்கினார். நான்காம் நாள் முடிவில் அது நிரந்தர அமைப்பானது. அந்தக் கடிதங்கள் வழியே சேர்ந்த பெயர்களும் ஊர்களும் பிற்பாடு கிளைகளுக்கு அடித்தளமாயின.

தொடக்கத்தில் வேதபாடம், ஞாயிறு வகுப்பு, ஏழைகளுக்கு உதவி என்றுதான் போய்க்கொண்டிருந்தது. அரசியல் பக்கம் தள்ளியது அந்த உதவிதான். 1899இல் இல்லினாய் மாநிலம் உலகின் முதல் சிறார் நீதிமன்றத்துக்குச் சட்டம் போட்டது. குழந்தைகளைப் பெரியவர்களோடு சிறையில் அடைக்காமல் நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் விடலாம் என்றது சட்டம். அந்த அலுவலர்களுக்குச் சம்பளம் தர மட்டும் அதில் வழியே இல்லை. சிகாகோவின் பெண்கள் சங்கங்கள் தாங்களே பணம் திரட்டி அவர்களை நியமித்தன. சாலமனின் சகாக்களும் அதில் இருந்தார்கள். சட்டத்தில் ஓட்டை இருந்தால் அதைத் தங்கள் பணத்தையும் நேரத்தையும் போட்டு அடைப்பது, பிறகு அந்த அனுபவத்தையே காட்டிச் சட்டத்தைத் திருத்தக் கேட்பது என்ற வழக்கம் அங்கே வேர்விட்டது.

குடியேற வந்தவர்களைச் சோதித்து அனுமதித்த எல்லிஸ் தீவில் அது இன்னும் தெளிவாகத் தெரியும். ரஷ்யப் பேரரசிலிருந்து கலவரங்களுக்கும் வறுமைக்கும் தப்பிய யூதர்கள் லட்சக்கணக்கில் நியூயார்க் துறைமுகத்தில் வந்திறங்கிய காலம். தனியாக வரும் இளம்பெண்களை வரவேற்க ஆள் வராவிட்டால் அதிகாரிகள் வெளியே விட மாட்டார்கள். வெளியே விட்டால் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பாலியல் தொழிலில் தள்ளும் தரகர்கள் காத்திருப்பார்கள். 1904 வாக்கில் கவுன்சில் அந்தத் தீவிலேயே நிரந்தர உதவி நிலையம் வைத்தது. முன்னின்று நடத்தியவர் அதன் செயலாளர் சேடி அமெரிக்கன். அது அவருடைய உண்மையான குடும்பப் பெயர்தான்! 12 வயதிலிருந்து 30 வயதுவரையான பெண்களை கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷ் பேசத் தெரிந்த அலுவலர் ஒருவர் கப்பலடியில் சந்திப்பார். போகும் ஊரையும் முகவரியையும் குறித்துக்கொள்வார். அந்தக் குறிப்பு அந்தந்த ஊர்க் கிளைக்குப் போகும். சில நாளில் கிளை உறுப்பினர் ஒருவர் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார். பெண் பத்திரமாக வந்து சேர்ந்தாளா, உறவினர் என்று சொன்னவர் உறவினர்தானா, வேலை கிடைத்ததா என்று பார்த்து எழுதுவார்.

இதை அக்கறை என்றும் சொல்லலாம், கண்காணிப்பு என்றும் சொல்லலாம். இரண்டும் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. கதவைத் தட்டியவர்கள் பெரும்பாலும் ஒரு தலைமுறைக்கு முன்பே வந்து செட்டிலாகிவிட்ட ஜெர்மன் யூதக் குடும்பத்துப் பெண்கள். கதவைத் திறந்தவர்கள் கிழக்கு ஐரோப்பாவின் ஏழைப் பெண்கள். புதிதாக வந்தவர்களின் பேச்சும் உடையும் பக்தியும் பழையவர்களுக்குச் சங்கடம். ஓர் அவதூறு கிளம்பினால் அது எல்லா யூதர்கள் தலையிலும் விடியும் என்ற பயம் வேறு. ஆனாலும் இந்தச் சந்திப்புகளிலிருந்து ஒரு கோப்புக் களஞ்சியம் வளர்ந்தது. குடியேற்றச் சட்டம் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் எப்படிப் புகுந்து விளையாடுகிறது என்பதை அக்காலத்தில் இந்த அளவுக்கு அறிந்திருந்த தனியார் அமைப்புகள் மிகச் சிலவே.

1920களில் அந்தக் கோப்புகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் சிசிலியா ரசோவ்ஸ்கி. அவர் கையாண்ட சிக்கல்களில் ஒன்று 1922இன் கேபிள் சட்டம். அதற்கு முன் மனைவியின் குடியுரிமை கணவனுடையதைப் பின்தொடர்ந்தது. அந்நிய நாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையையே இழந்தாள். பெண்ணுக்குத் தனிக் குடியுரிமை வேண்டும் என்ற பெண்கள் இயக்கங்களின் கோரிக்கையைக் கேபிள் சட்டம் பெருமளவு நிறைவேற்றியது. ஆனால் அதன் மறுபக்கம், கணவன் அமெரிக்கக் குடிமகனானதும் தானாகவே குடிமகளாகிவந்த குடியேறிய மனைவிகள் இனிமேல் தனியாக விண்ணப்பித்து, ஆங்கிலத்தில் தேறி, நீதிபதி முன் நிற்க வேண்டும். பிள்ளைகளும் அடுப்படியுமாக இருந்த யித்திஷ்காரிக்கு இது எளிதா? கவுன்சில் குடியுரிமை வகுப்புகள் நடத்தியது. ரசோவ்ஸ்கி பெண்களுக்கென்றே கையேடு எழுதினார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குடியுரிமை பெறத் தகுதியற்றவர்களை மணந்த பெண்களுக்கு இந்தச் சட்டம் எந்த விமோசனமும் தரவில்லை. 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர்கள் அப்படித் தகுதியற்றவர்கள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, இந்தியரை மணந்த அமெரிக்கப் பெண் 1931 வரை நாடற்றவளாக நிற்கும் ஆபத்தில் இருந்தாள்.

பெண்களுக்கு வாக்குரிமை வந்தவுடன், 1920இல், பெரிய பெண்கள் அமைப்புகள் கூடி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் வாதாடுவதற்கென்று ஒரு கூட்டுக் குழு அமைத்தன. கவுன்சிலும் அதில் உறுப்பினர். தாய்சேய் நலத்துக்கு மத்திய அரசு முதன்முறையாகப் பணம் ஒதுக்கிய 1921இன் ஷெப்பர்டு-டவுனர் சட்டம் இந்தக் கூட்டணியின் சாதனை. பெண் வாக்காளர்கள் என்ன செய்வார்களோ என்ற கலக்கம்தான் பல உறுப்பினர்களை ஆதரவாக வாக்களிக்க வைத்தது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். பெண்கள் ஒரே அணியாக வாக்களிக்கவில்லை என்று தெரிந்ததும் கலக்கம் போயிற்று. 1929இல் சட்டமும் காலாவதியானது. குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புக்கான அரசியல் சட்டத் திருத்தத்தைக் காங்கிரஸ் 1924இல் நிறைவேற்றியும் போதிய மாநிலங்கள் ஏற்கவில்லை.

எதிர்ப்பு வந்த விதம் கவனிக்கத்தக்கது. போர்த்துறையின் இரசாயனப் போர்ப் பிரிவில் நூலகராக இருந்த லூசியா மேக்ஸ்வெல் ஒரு வரைபடம் தயாரித்தார். பெண்கள் அமைப்புகளையும் அவற்றின் தலைவர்களையும் கோடுகளால் இணைத்துச் சிலந்தி வலை போல வரைந்து, இது சர்வதேச சோஷலிசச் சதியின் பகுதி என்று காட்டியது அந்தப் படம். அமைப்புகள் கொதித்தெழுந்தபின் பிரதிகளை அழிக்கப் போர்த்துறைச் செயலர் உத்தரவிட்டார். அதற்குள் 1924இல் ஹென்றி ஃபோர்டின் ‘டியர்பார்ன் இண்டிபெண்டென்ட்’ அதை அச்சிட்டுவிட்டது. யூத வெறுப்பைத் தொடராக வெளியிட்டுவந்த அதே பத்திரிகை. தாய்சேய் நலம் கேட்டதற்காகப் போல்ஷ்விக் பட்டம் வாங்குவது எல்லாப் பெண்கள் அமைப்புக்கும் பொதுவான துன்பம். யூதப் பெண்களுக்கு அது இரட்டிப்பாக உறைத்திருக்கும்.

1930களில் அவர்கள் தோற்றது மிகப் பெரிய தோல்வி. 1924இன் குடியேற்ற ஒதுக்கீட்டுச் சட்டம் கதவைச் சாத்திவிட்டிருந்தது. ஹிட்லரிடமிருந்து தப்ப முயன்றவர்களுக்காக ரசோவ்ஸ்கி பல குழுக்களில் உழைத்தார். 1939 மே மாதம் 937 பயணிகளோடு ‘செயின்ட் லூயிஸ்’ கப்பல் ஹவானாவில் நின்றபோது கியூபா அரசோடு பேசப் போனவர்களில் அவரும் ஒருவர். கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. பயணிகளில் 254 பேர் பின்னர் யூதப் படுகொலையில் மாண்டார்கள். அதே ஆண்டு 20,000 அகதிக் குழந்தைகளை ஒதுக்கீட்டுக்கு வெளியே அனுமதிக்கக் கோரிய வாக்னர்-ரோஜர்ஸ் மசோதா வாக்கெடுப்புக்கே வராமல் மடிந்தது. பார்த்துவந்து சொல்லும் முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. கேட்பவர் அந்தத் துன்பத்தைத் தன் தொகுதியின் துன்பமாக எண்ண வேண்டும். கப்பலில் இருந்தவர்களுக்கு அமெரிக்காவில் தொகுதி இல்லை.

இந்த அமைப்பைப் புகழ்ந்து எழுதுபவர்கள் விரைந்து கடக்கும் ஒரு விஷயம் வாக்குரிமை. சாலமன் உட்படப் பலர் தனிப்பட்ட முறையில் பெண் வாக்குரிமையை ஆதரித்தார்கள். கவுன்சிலோ ஓர் அமைப்பாக அதை ஆதரிக்கவே இல்லை. 1917இல்கூட அந்தத் தீர்மானம் தேறவில்லை. உறுப்பினர்களுக்குள் பிளவு வரும் என்ற அச்சம் ஒரு காரணம். தாய், இல்லத்தரசி என்ற தகுதியில் பேசினால்தான் ஆண்கள் செவிசாய்ப்பார்கள் என்ற கணக்கும் இருந்திருக்க வேண்டும். பிறர் போராடிப் பெற்ற வாக்கை வைத்துத்தான் மூன்றே ஆண்டுகளில் இவர்கள் காங்கிரஸ் படியேறினார்கள்.

மரியாதைக்குரிய குடும்பப் பெண் என்ற தோற்றத்தைத் தெரிந்தே ஆயுதமாக்கிய நிகழ்வு 1964 கோடையில் நடந்தது. கறுப்பினப் பெண்கள் தேசிய கவுன்சிலின் டோரத்தி ஹைட்டும் அவருடைய யூதத் தோழி பாலி கோவனும் ‘மிசிசிப்பியில் புதன்கிழமைகள்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். அதை ஆதரித்த அமைப்புகளில் யூதப் பெண்கள் கவுன்சிலும் ஒன்று. வடக்கு நகரங்களிலிருந்து வெள்ளையரும் கறுப்பரும் கலந்த சிறு குழு செவ்வாயன்று ஜாக்சன் நகரில் வந்திறங்கும். புதனன்று வாக்காளர் பதிவு நடக்கும் சிற்றூர்களையும் கறுப்பினக் குழந்தைகளுக்கான கோடைப் பள்ளிகளையும் பார்க்கும். உள்ளூர் வெள்ளைப் பெண்களோடு ஓசையில்லாமல் தேநீர் குடித்துப் பேசும். வியாழனன்று திரும்பும். தொப்பி, வெள்ளைக் கையுறை, முத்துமாலை சகிதம் வந்தார்கள். கிளர்ச்சிக்கார மாணவர்களைத் தாக்கிய ஊர் இந்த அம்மாள்களை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தது. உள்ளூர் யூதர்களின் நிலைமை வேறு. விருந்தாளிகள் விமானமேறிய பிறகும் அவர்கள் அங்கேயே குடியிருந்தாக வேண்டும். 1967இல் ஜாக்சனின் பெத் இஸ்ரேல் ஆலயத்திலும், அடுத்து அதன் ரபியின் வீட்டிலும் குண்டு வெடித்தது.

அடுத்த பத்தாண்டில் இரண்டு திசையிலிருந்து நெருக்கடி. பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். காலைக் கூட்டத்துக்கு ஆள் குறைந்தது. பெண்ணிய இயக்கமான தேசியப் பெண்கள் அமைப்பு 1971இல் நிறைவேற்றிய தீர்மானம் இன்னொரு பக்கம் குத்தியது: சம்பளமில்லாத சேவை பெண்ணின் உழைப்பை மலிவாக்குகிறது, அரசு செய்ய வேண்டியதை இலவசமாகச் செய்து தருகிறது, மாற்றத்துக்காக உழைத்தால் சரி, சேவைக்காக வேண்டாம். காகிதத்தில் இந்தப் பாகுபாடு சுத்தமாக இருக்கிறது. கவுன்சிலின் வரலாற்றில் அது ஒட்டவில்லை. சிறார் சிறைகளையும் நீதிமன்றங்களையும் கிளைகள்தோறும் ஆய்ந்த அவர்களுடைய பணிக்குழுவின் தலைவர் ஃப்ளோரா ராத்மன் காங்கிரஸ் குழுக்கள் முன் போய்ப் பேசினார். வீட்டைவிட்டு ஓடியதற்கும் பள்ளிக்கு மட்டம் போட்டதற்கும் குழந்தைகளை, குறிப்பாகப் பெண் குழந்தைகளை, அடைத்துவைக்கக்கூடாது என்று 1974இன் சிறார் நீதிச் சட்டம் மாநிலங்களை நெருக்கியது. சிறைகளுக்குள் சேவைக்காகப் போய்வராத பெண்களுக்கு அந்தக் குழுக்கள் முன் சொல்ல என்ன இருந்திருக்கும்?

சம்பளம் வாங்காமல் இருப்பதால் சட்டப்படியே ஒரு லாபம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் வரிவிலக்குப் பெற்ற அறநிறுவனங்கள் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. சட்டங்களுக்காக உறுப்பினர்களிடம் வாதாடி லாபி செய்யலாம், அளவோடு. 1976இன் வரிச் சட்டம் அந்த அளவைப் பணத்தில் வைத்தது. அந்த முறையைத் தேர்ந்தெடுக்கும் நிறுவனம் தன் செலவில் முதல் 5 லட்சம் டாலருக்கு 20 விழுக்காடுவரை லாபிக்குப் போடலாம். மேலே போகப் போக விகிதம் குறையும். எண்ணப்படுவது செலவு மட்டுமே. சம்பளமில்லாத பெண் எத்தனை மணி நேரம் சட்டமன்ற வராந்தாவில் காத்துக்கிடந்தாலும் கணக்கில் அது பூஜ்யம். கூட்டாட்சி நீதிபதிகள் நியமனம் செனட்டின் ஒப்புதலுக்கு வருவதால் அதற்காக வாதாடுவதும் தேர்தல் வேலையாகாமல் லாபியாகவே கொள்ளப்படும். கவுன்சில் 2000களின் தொடக்கத்திலிருந்து நீதிபதிகள் நியமனத்துக்கென்றே ஓர் இயக்கம் நடத்திவருவதற்கு இந்த வழி திறந்திருந்தது.

அந்த இயக்கத்தின் மையத்தில் இருந்தது கருக்கலைப்பு உரிமை. 2022 ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்றம் டாப்ஸ் தீர்ப்பில் அந்த உரிமையை ரத்து செய்தது. அதற்கு முன்பிருந்தே கவுன்சில் வாதத்தின் தளத்தை மாற்றத் தொடங்கியிருந்தது. சமய சுதந்திரம் என்பது கருக்கலைப்பை எதிர்ப்பவர்களின் தனிச்சொத்தாக இருந்துவந்தது. யூத மரபில் கரு முழு மனித உயிராகக் கொள்ளப்படுவதில்லை, தாயின் உயிருக்கு ஆபத்தென்றால் கருவை நீக்குவது கடமை என்று பண்டைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவே சொல்கிறது, ஆகவே தடைச் சட்டம் எங்கள் சமயத்தில் தலையிடுகிறது என்று இவர்கள் திருப்பிக் கேட்டார்கள். யாத்திராகமத்தின் 21ஆம் அதிகாரம், கர்ப்பிணியைத் தள்ளிக் கருச்சிதைவு ஏற்படுத்தியவனுக்கு அபராதம் விதிக்கும் பகுதி, ஆலயங்களில் வாசிக்கப்படும் ஓய்வுநாளை 2021 முதல் இந்த உரிமைக்கான நாளாக அனுசரிக்கிறார்கள். கிறித்தவச் சட்டமன்ற உறுப்பினரிடம் அவருடைய பைபிளிலேயே உள்ள பகுதியை எடுத்துப் பேசுவது சாமர்த்தியமான உத்தி. அது எல்லா யூதர்களின் குரலுமல்ல. பழமைவாத அகுதாத் இஸ்ரேல் அமைப்பு டாப்ஸ் தீர்ப்பை வரவேற்றது. ஆர்த்தடாக்ஸ் யூனியன் வருந்தவுமில்லை, கொண்டாடவுமில்லை என்று ஒதுங்கி நின்றது. தனியாக, இந்தியானா மாநிலத்தில் கருக்கலைப்புத் தடைக்கு எதிராக யூதப் பெண்களும் சேர்ந்து தொடுத்த வழக்கில் 2024 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அவர்கள் கையிலெடுத்தது 2015இல் மைக் பென்ஸ் ஆளுநராகக் கையெழுத்திட்ட சமய சுதந்திரச் சட்டம், கிறித்தவ வலதுசாரிகள் தங்களுக்கென்று கொண்டுவந்த சட்டம்.

டாப்ஸுக்குப் பிறகு சண்டை வாஷிங்டனிலிருந்து 50 மாநிலத் தலைநகரங்களுக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. மாநிலச் சட்டமன்றங்கள் பலவும் ஆண்டு முழுவதும் கூடுவதில்லை. டெக்சாஸில் இரண்டாண்டுக்கு ஒருமுறை 140 நாள் மட்டும். மசோதா மீதான விசாரணை வேலைநாளில், பகலில், பல நேரம் குறுகிய முன்னறிவிப்பில் வைக்கப்படும். பெயர் கொடுத்துவிட்டு மணிக்கணக்காகக் காத்திருந்தால் பேச இரண்டு, மூன்று நிமிடம் கிடைக்கும். மணிக்கூலிக்கு வேலை பார்க்கும் பெண்ணோ, கைக்குழந்தைக்காரியோ அங்கே போய் நிற்க முடியாது. தடைச் சட்டத்தால் முதலில் அடிபடுபவர்களும் அவர்களே. அந்த வராந்தாக்களில் பணி ஓய்வுபெற்றவர்களும் வசதியுள்ளவர்களுமே அதிகம் வந்து காத்திருக்கிறார்கள். 1904இல் எல்லிஸ் தீவின் முகவரிக் குறிப்போடு கதவைத் தட்டியவர்களுக்கும் கதவைத் திறந்தவர்களுக்கும் இடையே இருந்த தூரத்தை இவர்களும் கடந்தாக வேண்டியிருக்கிறது. இப்போது காத்திருக்கும் பெண்களில் சிலர் தங்கள் சொந்தக் கதையோடும் வருகிறார்கள்: கலைந்த கர்ப்பம், வேறு மாநிலத்துக்குப் போன பயணம், மருத்துவர் கைவிரித்த இரவு. அவர்கள் பேசி முடித்ததும் குழுத் தலைவர் நன்றி சொல்லி அடுத்த பெயரை வாசிக்கிறார்.